மதுவிலக்கு நகரத்தில் ஒரு நைட் கிளப் பாடகி

1969-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு நைட் கிளப் இருந்தது. சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில். பெயர் 'நைன் ஜெம்ஸ்'. மேலே சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் என்று மூன்று தியேட்டர்கள், கீழே நவரத்தினம். பெயர் வைத்தவருக்கு ரத்தினக்கல் பைத்தியம் இருந்திருக்க வேண்டும். 1964-ல் அந்த வளாகம் திறந்தபோது ஒரே கட்டடத்தில் மூன்று திரைகள் என்பது ஊரே வாய்பிளந்து பார்த்த சங்கதி. ப்ளூ டைமண்டில் படம் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு டிக்கெட் வாங்கிவிட்டு ஏசியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சொல்லிச் சொல்லி மகிழும் மாமாக்கள் இன்றும் உண்டு. அவர்களில் ஒருவரும் கீழே இருந்த கிளப்பைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. போயிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நைட் கிளப் என்றதும் நமக்குக் கண்ணாடிக் கோப்பைகள் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வருடம் இங்கே மதுவிலக்கு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கி, 1948-ல் மாகாணம் முழுக்கப் பரவிய சட்டம் அது. கருணாநிதி ஆட்சியில் 1971-ல்தான் தளர்த்தப்பட்டது. அதுவரை வெளிநாட்டுக்காரர்களும், உடல்நிலையைக் காரணம் காட்டி பர்மிட் வாங்கியவர்களும்தான் சட்டப்படி குடிக்க முடியும். ஆக, பெரும்பாலும் காபியும் ஜூஸும் குடித்துக்கொண்டு பாட்டுக் கேட்கிற ஒரு நைட் கிளப். மெட்ராஸ் ஸ்டேட் 'தமிழ்நாடு' என்று பெயர் மாறியதும் அதே வருடம், ஜனவரி 14-ல். அண்ணா இறந்ததும் அதே வருடம். மவுண்ட் ரோடு முழுக்க வேறு பெரிய வரலாறுகள் நடந்துகொண்டிருந்த காலம்.

அந்த மேடையில்தான் இருபதைத் தாண்டிய ஒரு பெண் காஞ்சிப்பட்டுப் புடவையும் பெரிய பொட்டும் பூவுமாக ஏறி ஆங்கிலப் பாட்டுப் பாடினார். உஷா ஐயர். பின்னாளில் உஷா உதுப். பாட்டு முதலாளிக்குப் பிடித்துப்போய் ஒரு வாரம் இருந்து பாடச் சொன்னார். அந்த ஒரு வாரத்திலிருந்து தொடங்கியதுதான் எல்லாம்.

உஷா பிறந்தது 1947 நவம்பரில், பம்பாயில். சுதந்திரம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. குடும்பம் மெட்ராஸைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ் பிராமணக் குடும்பம். அப்பா சாமி ஐயர் போலீஸ் அதிகாரி. அக்காக்கள் உமா, இந்திரா இருவரும் 'சாமி சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் பம்பாய் மேடைகளில் ஆங்கிலப் பாட்டுப் பாடியவர்கள். உமா போச்சா பாடிய 'பாம்பே மேரி ஹை' 1969-ல் வந்து, இன்றைக்கும் அந்த ஊரின் செல்லப் பாட்டாக இருக்கிறது. அதாவது பெண் பிள்ளைகள் மைக் முன்னால் நிற்பது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் 'ஆச்சாரமான குடும்பத்திலிருந்து எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு வந்தவர்' என்கிற வழக்கமான கதையாகிவிடும். உண்மை அவ்வளவு சினிமாத்தனமாக இல்லை.

இசையை அவர் முறைப்படி கற்கவில்லை. கற்றுக்கொடுத்தது ரேடியோ. குறிப்பாக இலங்கை வானொலி. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து அதை விரட்டினார். விளைவு, நாடே கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பியது. தமிழர்களுக்கு அது தமிழ்ப் பாட்டு. வடக்கே அமீன் சயானியின் பினாகா கீத்மாலா. ஆங்கிலம் தெரிந்த வீடுகளுக்கு மேற்கத்தியப் பாட்டு. ஒன்பது வயதில் உஷா முதன்முதலாகப் பொதுவில் பாடியதும் இலங்கை வானொலியின் 'ஓவல்டீன் மியூசிக் அவர்' நிகழ்ச்சியில்தான், அமீன் சயானி மூலமாக. ஒரு அமைச்சரின் சங்கீத ஒழுக்கம் எங்கோ போய் எதையோ விளைவித்த கதை இது.

ரேடியோவில் இடம் கிடைத்த அதே குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை. பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம் சுருதி பிசகல்ல. குரல் கனமாக இருந்தது, மற்ற பெண் பிள்ளைகளின் குரலோடு சேரவில்லை. ஆனால் பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது என்று டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் கையில் தாளம் போடும் கட்டையையும் முக்கோணத்தையும் கொடுத்துத் தட்டச் சொன்னார். பாடாதே, தட்டு. பின்னாளில் உஷா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த டீச்சர் தனியாள் அல்ல. பொதுவாக ஆணின் பேச்சுக்குரல் நொடிக்கு 120 அதிர்வுகளை ஒட்டியும் பெண்ணின் குரல் 200-ஐ ஒட்டியும் இருக்கும் என்பார்கள். இது சராசரி. நம் ஆட்கள் சராசரியை எடுத்து இலக்கணமாக ஆக்கிவிட்டார்கள். கர்னாடகக் கச்சேரியில் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவது வழக்கம் என்பதாகி, சினிமாவில் லதா மங்கேஷ்கரின் மெல்லிய உச்சஸ்தாயிதான் நாயகியின் குரல் என்று ஆனது. டி.கே.பட்டம்மாள் போன்ற ஒருவர் தன் கனத்த குரலோடு கச்சேரி மேடையில் நின்று ஜெயித்தார் என்றால் அது பட்டம்மாளின் மேதைமை. அதற்காக விதி மாறிவிடவில்லை. நாயகி என்றால் மெல்லிய குரல். குரலில் கொஞ்சம் கரகரப்போ கனமோ இருந்தால் அவள் வில்லனின் கூட்டாளி, கிளப்பில் ஆடுகிறவள். குரலை வைத்தே குணத்தைச் சொல்லிவிடுகிற பழக்கம் நம் காதுக்கு எப்படியோ வந்துவிட்டது.

அமெரிக்கக் கறுப்பர்களின் இசையில் இந்த விதி கிடையாது. பெஸ்ஸி ஸ்மித், பிக் மாமா தார்ன்டன், மஹலியா ஜாக்சன், நீனா சிமோன் என்று வரிசையாக அடிவயிற்றிலிருந்து வரும் பெண் குரல்கள். ப்ளூஸிலும் காஸ்பலிலும் பெண்ணுக்கு இப்படியொரு குரல் இருப்பது இயல்பு. 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற பெயரே 1949-ல் வந்ததுதான். அதுவரை கறுப்பர்கள் வாங்கும் இசைத்தட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனிப்பட்டியலில் போட்டுக்கொண்டிருந்த பில்போர்டு பத்திரிகை, ஜெர்ரி வெக்ஸ்லர் என்ற இளம் நிருபரின் யோசனைப்படி அந்தப் பெயரை மாற்றியது. பெயர் மாறியது, பட்டியல் தனியாகவேதான் இருந்தது.

அந்தப் பட்டியலில் 1956-ல் முதலிடத்துக்கு வந்த பாட்டு 'ஃபீவர்'. பாடியவர் லிட்டில் வில்லி ஜான். டெட்ராய்ட்டில் வளர்ந்தவர், பதிவுசெய்யும்போது வயது 18. எழுதியவர்கள் எடி கூலியும் ஓடிஸ் பிளாக்வெல்லும். பிளாக்வெல் வேறொரு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் ஜான் டேவன்போர்ட் என்ற புனைபெயரில் எழுதினார். இரண்டு வருடம் கழித்து வெள்ளைக்காரப் பாடகி பெக்கி லீ அதே பாட்டை வெறும் பாஸ், டிரம், விரல் சொடுக்கு மட்டும் வைத்துப் பாட, உலகம் முழுக்கப் போனது அந்த வடிவம்தான். லண்டன், கொழும்பு, பம்பாய் என்று நைட் கிளப் இருந்த ஊரில் எல்லாம் 'ஃபீவர்' இருந்தது. உஷாவும் பாடினார், இன்றும் மேடையில் பாடுகிறார். லிட்டில் வில்லி ஜான் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்று, 1968 மே மாதம் வாஷிங்டன் மாநிலச் சிறையில் 30 வயதில் இறந்துபோனார். அவருடைய பாட்டு கடல் தாண்டி ஊர் ஊராகப் பெரிய மனிதர்களை மகிழ்வித்துக்கொண்டிருந்த காலம் அது.

பள்ளியில் சேராத குரல் இங்கே கச்சிதமாகச் சேர்ந்தது என்பது என் ஊகம். ரேடியோவில் அவர் படே குலாம் அலி கானும் கேட்டார், கிஷோரி அமோன்கரும் கேட்டார். ஆனால் தொண்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லாத இசையாகக் கிடைத்தது அந்த இன்னொன்றுதான்.

இனி புடவை.

எனக்குப் பூர்வீகம் வெம்பாக்கம். இந்தப் பக்கம் காஞ்சிபுரம், அந்தப் பக்கம் ஆரணி, நடுவில் தறிச்சத்தம். அதனால் உஷா உதுப்பை டிவியில் பார்க்கும்போது எங்கள் வீட்டில் பாட்டுக்கு முன்னால் புடவையைத்தான் பார்ப்பார்கள். கோர்வைப் பட்டா, கரை எத்தனை விரற்கடை, சரிகை அசலா என்று. கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடாவில் ஓட்டி இழைக்கு இழை பிணைக்க வேண்டும். ஒருத்தர் தறியில் உட்கார, பக்கத்தில் கரைக்கு நாடா கொடுக்க இன்னொரு கை வேண்டும். ஒரு புடவைக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அதை நெய்கிறவர் மனதில் இருப்பது ஒரு முகூர்த்தம், ஒரு மணப்பெண். நைட் கிளப் மேடை யார் கற்பனையிலும் இருந்திருக்காது.

அந்தப் புடவையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கலாச்சாரப் பெருமிதம் என்பார்கள், கலகம் என்பார்கள். உஷாவைக் கேட்டால், எங்கள் வீட்டில் பெண்கள் கட்டுவது இதுதான், என்னிடம் வேறு உடுப்பு இல்லை என்கிற மாதிரிதான் சொல்வார். நான் அவர் சொல்வதை நம்புகிறேன். ஆனால் ஒரு உடுப்பு என்ன செய்யும் என்பதை உடுத்துகிறவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. கிளப்பில் கவுன் போட்டுப் பாடிய ஆங்கிலோ இந்திய, கோவா கிறிஸ்தவப் பெண்களைப் பார்த்த அதே கண்கள் இவரைப் பார்த்தபோது கொஞ்சம் தாழ்ந்தன. குடும்பப் பெண், ஐயர் வீட்டுப் பெண், போலீஸ்காரர் மகள். பட்டு அந்தச் சேதியைச் சொல்லிவிட்டது. இந்தியாவின் மேற்கத்திய இசை மேடைகளையும் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களையும் தூக்கிச் சுமந்தவர்கள் அந்தக் கிறிஸ்தவக் கலைஞர்கள். அவர்களுக்குக் கிடைக்காத மரியாதை இவருக்குக் கிடைத்ததில் குரலுக்கு எவ்வளவு பங்கு, புடவைக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது.

நம் ஊரிலேயே ஒப்பிட ஓர் ஆள் உண்டு. எல்.ஆர்.ஈஸ்வரி. அறுபதுகளில் தமிழ் சினிமாவின் கிளப் பாட்டு என்றால் அவர்தான். எல்லா பாவமும் வருகிற குரலை ஒரே அறையில் பூட்டிவைத்தார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர் பிறகு மாரியம்மன் பாட்டுப் பாடி, இன்றைக்கும் ஆடி மாதம் வந்தால் தெருத்தெருவாக லவுட் ஸ்பீக்கரில் ஆள்கிறார். ஒருவர் நிஜமான நைட் கிளப்பில் பட்டுக் கட்டிக்கொண்டு பாடி மரியாதையோடு வெளியே வந்தார். இன்னொருவர் ஸ்டுடியோவில் மைக் முன்னால் மட்டுமே நின்று பாடி 'கிளப் பாடகி' ஆனார். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை.

நைன் ஜெம்ஸுக்குப் பிறகு வேகமாக நடந்தது. பம்பாயில் 'டாக் ஆஃப் தி டவுன்', கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் 'ட்ரிங்காஸ்'. அங்கே மதுவிலக்கு இல்லை, இசைக்கும் பஞ்சமில்லை. பக்கத்து மொக்காம்போவில் பாம் கிரெய்ன் ஜாஸ் பாடிக்கொண்டிருந்தார். அந்தக் காலகட்டத்தில் 'ஜம்பாலயா', 'க்ரீன்பேக் டாலர்', 'ஸ்காட்ச் அண்ட் சோடா' என்று ஆங்கிலப் பாட்டுகள் சிறு இசைத்தட்டுகளாக வந்து நன்றாக விற்றன. மதுவிலக்கு மாநிலத்தில் 'ஸ்காட்ச் அண்ட் சோடா' வாங்கிக்கொண்டு போனவர்களை நினைத்தால் கொஞ்சம் பாவமாக இருக்கிறது. டெல்லி ஓபராயில் பாடிக்கொண்டிருந்தபோது தேவ் ஆனந்தின் நவ்கேதன் ஆட்கள் பார்த்தார்கள். 1970-ல் 'பாம்பே டாக்கி'யில் சங்கர் ஜெய்கிஷன் இசையில் பாடினார். 1971-ல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'. அதில் 'தம் மாரோ தம்' தானும் சேர்ந்து பாடவேண்டிய பாட்டாக இருந்தது என்று உஷா சொல்லியிருக்கிறார். கடைசியில் அது ஆஷா போஸ்லேவுக்குப் போக, இவருக்குப் படத்தில் ஆங்கில வரிகள் மிஞ்சின. மறுபடியும் அதே பாட்டு வகுப்புதான். வரிசையில் நிற்க இடமில்லை, ஓரமாக ஒரு கருவி.

ட்ரிங்காஸில்தான் கோட்டயத்துக்காரரான ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தார். முதல் திருமணம் முடிந்து, 1971-ல் அவரை மணந்தபின் உஷா ஐயர் உஷா உதுப் ஆனார். பழைய இசைத்தட்டு தேடுகிறவர்கள் 'உஷா ஐயர்' என்று தேடினால்தான் அந்த முதல் சில வருடங்கள் கிடைக்கும்.

தமிழ்த் திரைக்கு அவர் வந்தது 1975-ல், 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் ஓர் ஆங்கிலப் பாட்டோடு. இயக்கம் 'திருவிளையாடல்' எடுத்த ஏ.பி.நாகராஜன், இசை குன்னக்குடி வைத்தியநாதன். நெற்றி நிறைய விபூதியோடு வயலின் வாசிப்பவரும் காஞ்சிப்பட்டில் பாப் பாடுபவரும் ஒரே பாட்டில். கமல்ஹாசன் நடித்த படம் அது; 35 வருடம் கழித்து 'மன்மதன் அம்பு'வில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். இடையில் 1990-ல் 'அஞ்சலி'க்காக இளையராஜா அவரை அழைத்து 'வேகம் வேகம்' பாடவைத்தார். முழுக்கக் குழந்தைகள் பாட்டால் நிறைந்த ஆல்பத்தில் அந்தக் கனத்த குரல். டிவியில் அது வரும்போதெல்லாம் பாடுவது ஆணா பெண்ணா என்று எங்கள் தெருவில் பந்தயம் கட்டுவோம். தோற்றவன் ஒரு தேன்மிட்டாய் தரவேண்டும்.