நாயின் பற்பராமரிப்பு

நாயின் பற்களையும் ஈறுகளையும் நோயின்றிக் காக்கும் முறை. நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. அவை விழுந்து, ஏறத்தாழ ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும்.

நோய் தோன்றும் விதம்: உண்டபின் பல்லில் பாக்டீரியாக்கள் நிறைந்த வழுவழுப்பான படலம் படிகிறது. துடைக்காமல் விட்டால், எச்சிலிலுள்ள தாதுக்கள் சேர்ந்து சில நாள்களில் அது காரையாக இறுகும். ஈறு சிவந்து வீங்கும். நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடும். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால், பெரிய கடைவாய்ப்பல்லின் வெளிப்புறத்தில் காரை மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும். வாய்நாற்றம், ஈற்றில் இரத்தம், ஒரு பக்கமாகவே மெல்லுதல் ஆகியவை பிற அறிகுறிகள்.

தடுப்பு: குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு வீடுகளில் மீன்குழம்புச் சோறும் மரச்சீனி (மரவள்ளி)க் கிழங்கும் நாய்க்கும் பங்காவதுண்டு. இத்தகைய மென்மையான உணவு பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்யாது. எனவே நாள்தோறும் மென்மையான பிரஷ்ஷாலோ விரலில் சுற்றிய துணியாலோ துலக்க வேண்டும். நாய்களுக்குரிய பற்பசையே ஏற்றது. மனிதர் பற்பசைகள் சிலவற்றில் சேரும் சைலிடால் என்னும் இனிப்பூட்டி நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பைக் கடிக்கக் கொடுக்கக் கூடாது; அது உடைந்து பல்லையும் குடலையும் காயப்படுத்தும்.

சிகிச்சை: இறுகிய காரையைக் கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அகற்றுவார். குமரி மாவட்டத்துக்கு அண்மையில் திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. கரைந்த எலும்பு பெரும்பாலும் மீளாது. ஆகவே குட்டிப் பருவத்திலேயே துலக்கப் பழக்குவதே சிறந்த காப்பு.