ஹார்ட் டிஸ்க்குக்கு நாடி பார்த்த கதை

நம்ம போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. பட்டனைத் தட்டினால் விலை சர்வரில் பதிவாகிவிடும். பேங்க் கணக்கும் பத்திரப்பதிவும் அப்படித்தான். சரி, அந்த சர்வருக்குள் இருக்கும் டிஸ்க் நாளைக்கும் ஓடுமா என்று யார் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு முப்பது வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு.

1992-ல் ஐ.பி.எம். தன் ஏ.எஸ்/400 சர்வர்களின் டிஸ்க்கில் ஒரு வசதி வைத்தது. டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு 'நலம்' அல்லது 'சீக்கிரம் போகப்போகிறேன்' என்று சொல்லும். அவ்வளவுதான், காரணம் சொல்லாது. பிறகு காம்பாக் கம்பெனி அளவுகளையே வெளியே காட்டும் ஒரு முறையைக் கொண்டுவந்து, 1995-ல் அதை எல்லோருக்கும் பொதுவாக்க முன்வைத்தது. 'ஸ்மார்ட்' என்கிற தரம் பிறந்தது இப்படித்தான்.

ஆனால் டிஸ்க் சொல்வதைக் கேட்க ஒரு மென்பொருள் வேண்டுமே! லினக்ஸில் அதை எழுதியது பெரிய கம்பெனி இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் கார்ன்வெல் என்ற மாணவர் இறுதியாண்டு ஆய்வாகச் செய்த 'ஸ்மார்ட்சூட்'தான் அது. (நாம் இறுதியாண்டு புராஜெக்ட்டை பைண்டிங் போட்டு டிபார்ட்மெண்ட் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்!) 2002-ல் புரூஸ் ஆலன் என்ற இயற்பியலாளர் அதை எடுத்து வளர்த்தார். அவர் லைகோ ஈர்ப்பலை ஆராய்ச்சிக்காக நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஓட்டியவர். அத்தனை டிஸ்க்கில் எது எப்போது படுக்கும் என்று தெரியாமல் வேலை ஓடாது. 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' வந்தது அதற்காகத்தான். லைகோவில் முதல் ஈர்ப்பலை சிக்கியது 2015 செப்டம்பர் 14-ல்.

இதில் உள்ள 'ஸ்மார்ட்டி' என்கிற காவல்காரன், நாம் வேறு நேரம் குறிக்காவிட்டால், அரை மணிக்கு ஒருமுறை டிஸ்க்கைப் பார்ப்பான். கெட்டுப்போன பகுதிகளின் எண்ணிக்கை ஏறினால் அட்மினுக்கு மெயில் அனுப்பச் சொல்லி வைக்கலாம். குறுஞ்சோதனை ஓரிரு நிமிடம், முழுச்சோதனை பல மணி நேரம்.

அப்படியென்றால் பயமே இல்லையா? 2007-ல் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் கணக்கை வெளியிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாளுக்குள் சாக 39 மடங்கு வாய்ப்பு அதிகம். எச்சரிக்கை பொய் இல்லை. சூடுதான் டிஸ்க்கைக் கொல்லும் என்று நாமெல்லாம் நம்பியதும் ஆட்டம் கண்டது. ரொம்ப அதிகச் சூட்டிலும், வயதான டிஸ்க்கிலும்தான் அது பெரிதாகத் தெரிந்தது. தேனி வெயிலில் ஏ.சி. இல்லாமல் சர்வர் வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை :-)

ஆனால் இன்னொரு எண்தான் என்னை உலுக்கியது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. வெப்பநிலை தவிர மற்ற எல்லா அறிகுறியையும் சேர்த்துப் பார்த்தாலும் 36 சதவீதம் ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டன.