மாட்டுக்கு மாற்றாக வந்த பன்றி

ஜப்பானில் ஒரு பண்டம் உண்டு. வெள்ளை மாவுக்குள் இறைச்சிப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பது. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். சீனரிடமிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. தோக்கியோவில் இதனை 'நிக்குமான்' என்பார்கள். நிக்கு என்றால் இறைச்சி. அதுவே ஒசாகாவில் 'புட்டாமான்' ஆகிவிடும். புட்டா என்றால் பன்றி. இரண்டு ஊரிலும் உள்ளே இருப்பது பன்றியிறைச்சிதான். ஆனால் ஒசாகாக்காரருக்கு வெறுமனே 'இறைச்சி' என்றால் அது மாட்டிறைச்சி. பன்றியை உள்ளே வைத்துவிட்டு இறைச்சி என்று விற்பது அவருக்குப் பொய்யாகப் படும். தோக்கியோக்காரருக்கு அந்தச் சங்கடமே இல்லை.

ஒரே நாட்டுக்குள் 'இறைச்சி' என்ற சொல் இப்படி இரண்டு விலங்குகளைச் சுட்டுவானேன் என்று தேடப் புகுந்தால், உழவு மாட்டில் தொடங்கி ஒரு போரின் வழியாக வீடுகளின் இராச்சாப்பாட்டுக்கு வந்து சேர்கிறோம்.

கி.பி. 675-இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தையும் ஆண்டின் சில மாதங்களில் உண்ணலாகாது என்று ஆணையிட்டார். பட்டியலில் காட்டுப்பன்றியும் மானும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தத் தடையும் பௌத்தமும் தீட்டைப் பற்றிய அச்சமும் கலந்து, பின்வந்த நூற்றாண்டுகளில் நாற்கால் விலங்கு எதையும் வெளிப்படையாக உண்பது கௌரவக் குறைவு என்றாயிற்று. உண்ணாமல் இருந்தார்களா என்றால், இல்லை. எதோ நகரில் காட்டுப்பன்றியை 'மலைத்திமிங்கிலம்' என்று பெயர் மாற்றி விற்றார்கள். திமிங்கிலம் அக்கால வழக்கில் மீன் அல்லவா! ஓவியர் ஹிரோஷிகே 1858-இல் தீட்டிய எதோ நகர்க் காட்சிகளுள் ஒன்றில், பனி விழும் தெருவோரத்தில் அந்தப் பெயர்ப்பலகை பெரிய எழுத்துகளில் நிற்கிறது. தெற்கே சட்சுமாவிலும் ரியூக்யூத் தீவுகளிலும் வளர்ப்புப் பன்றியை மறைவின்றியே உண்டு வந்தார்கள். கடைசி ஷோகன் தொகுகாவா யோஷினொபுவுக்குப் பன்றியிறைச்சியின்மேல் இருந்த ஆசையால், அவருடைய ஹிதொட்சுபாஷி குடிப்பெயரையும் பன்றியையும் சேர்த்துப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

மெய்ஜி ஆட்சி வந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. 1872-இன் தொடக்கத்தில் பேரரசரே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி பரப்பப்பட்டது. மாட்டிறைச்சி நாகரிகத்தின் அடையாளமாயிற்று. கனகாக்கி ரோபுன் எழுதிய 'அகுரநாபே' என்ற நகைச்சுவை நூல் 1871-72-இல் வெளிவந்தது. மாட்டிறைச்சிக் கடையில் சம்மணமிட்டு அமர்ந்து பேசும் பலதரப்பட்ட மனிதர்களை அதில் காண்கிறோம். மாட்டுக்கு இப்படி ஓர் இலக்கியம் வாய்த்தது. பன்றிக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

கடையில் உண்பது ஒன்று; வீட்டில் சமைப்பது வேறொன்று. இறைச்சி சமைக்கும் நாளில் வீட்டுத் தெய்வ மாடத்தைத் தாளால் மூடி மறைத்த குடும்பங்கள் உண்டு. அதற்கெனத் தனிச் சட்டி வைத்து, வீட்டு நெருப்பில் ஏற்றாமல் முற்றத்தில் சமைத்தவர்களும் உண்டு. விலங்கறுக்கும் தொழிலைச் செய்தவர்களோ 1871-ஆம் ஆண்டு ஆணையால் சட்டப்படி சமமானவர்கள், தெருவில் சமமாகவில்லை. இதையெல்லாம் படிக்கும் தமிழ் வாசகருக்கு விளக்கவுரை தேவைப்படாது. பன்றியிறைச்சி என்றதும் நம் ஊரில் சுளிக்கும் முகம், உணவைப் பார்த்துச் சுளிப்பதைவிட உண்பவரைப் பார்த்துச் சுளிப்பதே அதிகம் என்பதை நாம் அறிவோம்.

1904-இல் ரஷ்யாவுடன் போர் மூண்டது. படைவீரருக்கு மாட்டிறைச்சி வேண்டும். சோயா சாறும் சர்க்கரையும் சேர்த்துச் சமைத்துத் தகரப் புட்டிகளில் அடைத்து மஞ்சூரியாவுக்கு அனுப்பினார்கள். நாட்டில் இருந்த மாடுகள் வேகமாகக் குறைந்தன. விலை ஏறியது. முப்பது ஆண்டுகளாக "உண்ணுங்கள், உடல் வலுக்கும், நாடு வலுக்கும்" என்று மக்களைப் பழக்கிவிட்டு, பழகிய வேளையில் அதனைப் படைக்கு எடுத்துக்கொண்டது அரசு. அந்த இடத்துக்குத்தான் பன்றி வந்தது. ஈன்று பெருகுவது விரைவு. எச்சிலும் கிழங்கும் போட்டால் வளரும். தோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ சமவெளியின் உழவர்கள் பன்றி வளர்ப்பில் இறங்கினார்கள். மேற்கே ஒசாகா, கோபே பக்கம் கதை வேறு. அங்கே உழவுக்கு மாடு. கிழக்கே பெரிதும் குதிரை. மேற்கில் மாடு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்ததால், மாற்றுக்கான தேவை அந்த அளவுக்கு எழவில்லை. நிக்குமானும் புட்டாமானும் பிரிந்தது இப்படித்தான்.

சரி, பன்றி வந்துவிட்டது. அதை வீட்டில் எப்படிச் சமைப்பது? மாட்டிறைச்சிக்காவது முப்பதாண்டுப் பழக்கம் இருந்தது. பன்றியிறைச்சியைக் கையில் வாங்கிய தோக்கியோ இல்லத்தரசிக்குத் தாயிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ கற்றது ஒன்றுமில்லை. இந்த இடத்தில் நமக்குப் பிடித்தமான ஒரு மனிதர் வருகிறார். தனாகா ஹிரோஷி, சட்சுமாவில் பிறந்தவர். தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் கற்பித்தவர். சட்சுமாக்காரர் என்பதால் பன்றி அவருக்கு அன்னியமில்லை. 1913-இல் இருநூறு பன்றியிறைச்சிச் சமையல் குறிப்புகளைத் தொகுத்துத் தம் பெயரையே முறைக்குச் சூட்டி நூலாக வெளியிட்டார். விலங்குகளை அறுத்துப் பாடம் நடத்திய பேராசிரியர் சமையல் நூல் எழுதியதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் காரணம் இருந்தது. பன்றித்தொடைக்கு ஹாம் செய்பவர்களிடம் நல்ல விலை. ஆங்கிலேயர் ஒருவர் தொடங்கிவைத்த காமகுரா ஹாம் அதற்குள் பெயர் பெற்றிருந்தது. தோளும் விலாவும் வயிறும் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றை வீட்டுச் சட்டிக்குள் கொண்டுவந்தால் உழவருக்கும் வரும்படி, குடும்பத்துக்கும் மலிவான ஊட்டம். சோயா சாறு, மிசோ, இஞ்சி என்று வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டே பன்றியைப் பழக்கப்படுத்துவதுதான் வழி.

அந்தக் காலத்தில்தான் ஜப்பானியக் குடும்பம் உண்ணும் முறையும் மாறிக்கொண்டிருந்தது. முன்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சிறு பலகை. அதில் அவரவர் பங்கு. இப்போது எல்லோரும் சூழ்ந்தமரும் தாழ்வான வட்ட மேசை பரவலாயிற்று. நடுவில் ஒரு சட்டி, சுற்றிலும் குடும்பம் என்ற படம் தொன்மையானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதற்கு வயது நூற்றுச் சொச்சம்தான். மலிவான பன்றியிறைச்சி அந்த மேசையில் வந்து அமர்ந்தது.

உணவகங்களின் பங்கை மறுப்பதற்கில்லை. தோக்கியோ கின்சாவில் 1895-இல் தொடங்கிய ரெங்காதேய் என்னும் உணவகம், 1899-இல் கன்றிறைச்சிக்குப் பதிலாகப் பன்றியை ரொட்டித்தூளில் புரட்டி, தெம்புரா போல எண்ணெயில் முழுக்கிப் பொரித்தது. போருக்கு இளம் சமையற்காரர்களை இழுத்துக்கொண்டபோது, ஆள்பற்றாக்குறையால் வெந்த காய்கறிகளைக் கைவிட்டுப் பச்சை முட்டைக்கோசைச் சீவிப் பக்கத்தில் வைத்தது என்பது அக்கடை சொல்லும் வரலாறு. உண்மையானால், தட்டின் இறைச்சியில் மட்டுமல்லாமல் கீரைப்பக்கத்திலும் போர் இருக்கிறது. 1929 வாக்கில் உயேனோ பகுதியில் அது தடித்த துண்டாகி, குச்சியால் எடுத்து உண்ண வாகாக நறுக்கப்பட்டு, சோற்றுடன் வந்து 'தொன்கட்சு' ஆயிற்று. முதலில் செய்தவர் யார் என்று கடைகளுக்குள் இன்றும் வழக்கு உண்டு. நமக்கு அந்த வழக்கில் ஆர்வமில்லை. கடைக்காரர்களின் பெயர்கள் எஞ்சிவிட்டன. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் "இதுவும் இறைச்சிதான்" என்று சொல்லிப் பரிமாறிய பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

கறிக்கும் இதே கதைதான். நம் சொல்லாகிய 'கறி' ஆங்கிலேயர் கைவழியே ஜப்பானுக்குப் போனது. 1872-இல் வெளிவந்த ஒரு மேனாட்டுச் சமையல் நூலில் அதற்குச் சொல்லப்பட்ட பொருள்களுள் தவளையும் ஒன்று! பின்னர் மாட்டிறைச்சி வந்தது. போருக்குப் பின் கிழக்கு ஜப்பானின் வீடுகளில் உருளைக்கிழங்கு, வெங்காயம், காரட்டுடன் பன்றி அதன் இடத்தைப் பிடித்தது. ஜப்பானில் அடைக்கலம் புகுந்த விடுதலை வீரர் ராஷ் பிகாரி போஸ், 1927-இல் நகாமுராயா கடையில் எலும்புடன் கூடிய கோழியை இட்டு 'இந்தியக் கறி'யை அறிமுகம் செய்தார். அது புகழ் பெற்றது. ஆயினும் வீட்டுச் சட்டியை அசைக்க முடியவில்லை.

மாற்றாக வந்தது பழைய பெயரையே சுமந்து திரிவதை வடக்கே ஹொக்கைடோவில் காணலாம். முரோரான் இரும்பாலைகளும் துறைமுகமும் கொண்ட ஊர். அங்கே 'யாக்கிதோரி' கேட்டால் பன்றித்துண்டும் வெங்காயமும் கோத்த குச்சி வரும், தொட்டுக்கொள்ளக் கடுகு விழுதோடு. யாக்கிதோரி என்றால் சுட்ட பறவை என்று பொருள். 1937-இல் சீனாவுடனான போர் தொடங்கியபின், படைவீரர்களின் காலணிக்குத் தோல் வேண்டுமென்று பன்றி வளர்ப்பை ஊக்குவித்தார்கள். தோல் போருக்குப் போயிற்று. எஞ்சியது தெருக்கடைக்கு வந்தது. அக்காலத்தில் கோழி விலையுயர்ந்த பண்டம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே தீவின் ஒபிஹிரோவில் பன்றி பதிலியாக நின்றது விலாங்கு மீனுக்கு. 1933-இல் ஓர் உணவகக்காரர் விலாங்குக்குத் தடவும் இனிப்பும் உவர்ப்புமான சோயாப் பாகைப் பன்றித்துண்டுகளில் பூசிக் கரியில் வாட்டிச் சோற்றின்மேல் அடுக்கினார். விலாங்கு வாங்க வசதியற்ற உழவர்களுக்காக என்கிறார்கள். சுற்றுப்புறத் தொகாச்சிச் சமவெளியில் குடியேறியவர்கள் பன்றி வளர்த்து வந்ததால் அது எளிதில் கிடைத்தது. இன்று 'புட்டாதோன்' அவ்வூரின் பெருமை.

பசிபிக் போர் முற்றியபோது பன்றிக்கும் தீனி இல்லாமற் போயிற்று. கிழங்கை மனிதர்களே உண்ண வேண்டிய நிலை. தோல்விக்குப் பிந்தைய ஆண்டுகளில் பள்ளி மதிய உணவில் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த துண்டு வந்தபோது, உள்ளே இருந்தது திமிங்கிலம். முன்பு காட்டுப்பன்றி திமிங்கிலத்தின் பெயரில் ஒளிந்திருந்தது. இப்போது திமிங்கிலம் பன்றியின் சட்டையை மாட்டிக்கொண்டு குழந்தைகளின் தட்டில் அமர்ந்திருந்தது. அந்தத் தலைமுறையில் சிலர் அதன் சுவையை ஏக்கத்துடனும் சிலர் வெறுப்புடனும் நினைவுகூர்கிறார்கள்.

மாற்றின் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 2003 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு பசுவுக்குப் பித்தநோய் கண்டறியப்பட, ஜப்பான் அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதியை நிறுத்தியது. மாட்டிறைச்சிச் சோற்றுக் கிண்ணத்தையே நம்பியிருந்த யோஷினோயா உணவகங்கள், 2004 பிப்ரவரி 11-இல் அதன் விற்பனையை நிறுத்தின. கடைசிக் கிண்ணத்துக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த மாதமே அதே கிண்ணத்தில் பன்றி வந்தது. 2006 செப்டம்பரில் மாடு திரும்பியது. பன்றிக் கிண்ணம் 2011 வரை நீடித்துப் பின் நிறுத்தப்பட்டது. 2016-இல் அது மீண்டும் பட்டியலில் ஏறியபோது, மாட்டிறைச்சிக்கு அங்கே தட்டுப்பாடு எதுவும் இல்லை.