பூட்டுப் போட்ட பாட்டு

நான் விழுப்புரம், நண்பன் திண்டிவனம். நடுவுல விக்கிரவாண்டியும் மயிலமும். கேசட் காலத்துல இது ஒரு தூரமே இல்லீங்க. லிஸ்ட் எழுதிக் கொடுத்து நான் பதிஞ்சு வாங்கின கேசட்டை, பாசஞ்சர்ல போற யார்கிட்டயாவது கொடுத்துவிட்டா சாயங்காலம் அவன் வீட்ல பாடும். சட்டப்படி சரியான்னு நாங்களும் கேக்கலை, கேசட்டும் கேக்கலை.

அப்புறம் செல்போன் வந்துச்சு. முதல்முறையா காசு கொடுத்து ஒரு பாட்டு இறக்கினேன் (கம்பெனி பேர் வேணாமே). ஊருக்கு வந்திருந்த நண்பன் "ப்ளூடூத்ல அனுப்புடா"ன்னான். போகவே மாட்டேன்னுடுச்சு! மெமரி கார்டுல ஏத்தி வச்சிருந்த திருட்டுப் பாட்டெல்லாம் ஜம்முன்னு போச்சு. காசு கொடுத்ததுக்குத்தான் பூட்டு.

பூட்டோட பேர் டிஆர்எம். போன்ல இருந்தது 'ஃபார்வர்ட் லாக்'. பாட்டை அந்த போனை விட்டு வெளியே விடாது. 2003ல ஆப்பிள் திறந்த ஐட்யூன்ஸ் கடையிலயும் பூட்டு உண்டு. ஆனா பாட்டை சிடில எழுதி மறுபடி கம்ப்யூட்டர்ல ஏத்தினா பூட்டு காணாமப் போயிடும். 2005ல சோனி பிஎம்ஜி இன்னும் மேல போய், சிடி போட்ட கம்ப்யூட்டர்ல ரகசியமா மென்பொருளை இறக்கி, மாட்டிக்கிட்டு, சிடிகளைத் திரும்ப வாங்கிக்கிச்சு. 2007ல இஎம்ஐ பூட்டைக் கழட்ட ஆரம்பிச்சுது. 2009ல ஐட்யூன்ஸ் பாட்டுங்களுக்கும் விடுதலை.

நம்ம நாட்டுக் கதைதான் தமாஷ். 2012ல ஃப்ளிப்கார்ட் 'ஃப்ளைட்'னு கடை போட்டு பூட்டில்லாத எம்பி3 வித்துச்சு (அடுத்த வருஷமே மூடிட்டாங்க). அதே 2012லதான் காப்புரிமைச் சட்டத்துல 65ஏ பிரிவைச் சேர்த்தாங்க. உரிமையை மீறும் நோக்கத்தோட பூட்டை உடைச்சா 2 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. பாட்டுக் கடைக்காரங்க பூட்டைக் கழட்டின பிறகு பூட்டுக்குக் காவல்! சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 52வது பிரிவு அனுமதிக்குது. சிநேகிதனுக்குக் கொடுக்கறது அதுல சேருமான்னு மட்டும் சொல்லலை.

இப்போ மாசச் சந்தா. ஆப்ல இறக்கின பாட்டு ஆப்புக்குள்ளேயே இருக்கும், சந்தா நின்னா அதுவும் நின்னுடும். அன்னிக்குப் பூட்டு இருந்தாலும் பாட்டு என்னோடதுன்னு நினைச்சேன். இன்னிக்கு எல்லாமே வாடகை வீடு. கொடுக்கறதுக்கு நம்மகிட்ட என்னங்க இருக்கு?

அன்னிக்கு என்ன பண்ணோம்னா, அவன் வண்டி வர்ற வரைக்கும் விழுப்புரம் பிளாட்பாரத்துல உக்காந்து, ஆளுக்கு ஒரு காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். அதுக்கு எவனும் பூட்டுப் போட முடியலை :-)