குதிமுள்ளின் பிறப்பிடம் அறிதல்: கீரனூர் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

குதிரையை விரைவுபடுத்த வீரர் தம் குதிகாலில் அணியும் உலோக முள் குதிமுள் எனப்படும். பழனியையும் தாராபுரத்தையும் இணைக்கும் வழியில் உள்ள கீரனூரும் அதனை அடுத்த திண்டுக்கல் சமவெளியும் நாயக்கர், மைசூரார், கும்பினியார் ஆகிய மூவர் ஆட்சியையும் கண்டவை. இத்தகைய நிலப்பகுதியில் பழைய குதிமுள் கிடைப்பின், அதனை நாயக்கர் காலத்தது என்றோ ஐதரலி படையினது என்றோ உடனே கொள்வது எளிது. கிடைத்த இடம் வேறு, செய்யப்பட்ட இடம் வேறு என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

இலக்கியச் சான்று

சங்க அகப்பாடல்களில், முள்ளிட்டுத் தேரை விரைந்து செலுத்துமாறு தலைவன் பாகனிடம் கூறும் இடங்கள் உள. அம்முள் பாகன் கையிலுள்ள தாற்றுக்கோலின் முள். குதிகாலில் கட்டியது அன்று. கலித்தொகை 96ஆம் பாடல் வல்லிகை, புல்லிகை, மத்திகை எனக் குதிரைக்குரிய பொருள்களை அடுக்குகிறது. குதிமுள் அவற்றுள் இல்லை. யவனரைக் குறிக்கும் முல்லைப்பாட்டும் மத்திகையையே சுட்டுகிறது. சாட்டையைக் குறிக்கும் இச்சொல்லைக் கிரேக்க மொழியோடு இணைத்துக் காண்பர். ஆக, தமிழ் மரபில் குதிரையைத் தூண்டும் கருவி கையில் இருந்ததாகவே தெரிகிறது. இலக்கியத்தின் மௌனம் முடிந்த முடிபாகாது. எனினும், உள்ளூர்ப் பொருள் எனக் கூறுவோர் அதற்குத் தனிச்சான்று காட்டுதல் வேண்டும்.

வடிவமும் உலோகமும்

மேற்கு ஆசிய வீரர் பலர் அங்கவடியின் கூரிய மூலையாலேயே குதிரையைத் தூண்டினர். வட ஆப்பிரிக்க மக்ரிபுப் பகுதியில் நீண்ட ஒற்றைமுள் வழக்கில் இருந்தது. ஐரோப்பாவில் ஒற்றைமுள்ளை அடுத்து, 13ஆம் நூற்றாண்டு முதல் சுழலும் முட்சக்கரம் பரவியது. மெக்சிகோ, சிலி நாடுகளின் குதிமுட்கள் பெரிய சக்கரத்தால் அடையாளம் பெறுகின்றன. காலணியின் குதிப்பகுதியில் செருகும் வகை 19ஆம் நூற்றாண்டுக்குரியது.

உலோகமும் கால எல்லையை வகுக்கும். ஜெர்மன் சில்வர் எனப்படும் நிக்கல் கலவையால் ஆனது 19ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. தேனிரும்பில் காணப்படும் கசட்டு இழைகள் 1856இல் அறிமுகமான பெசமர் முறை எஃகில் இரா. வெள்ளிப் பொருளில் நங்கூர முத்திரை இருப்பின், அது 1773க்குப் பின் பர்மிங்காமில் தரம் சோதிக்கப்பட்டது எனலாம். இங்கிலாந்தின் வால்சால் நகரம் குதிரைச் சேண உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற உற்பத்தி மையமாகும்.

திண்டுக்கல் தரும் எச்சரிக்கை

ஐரோப்பிய வடிவம் என்று உறுதிப்பட்டதும் கும்பினிப் படையினது என முடிப்பதும் பிழையாகலாம். 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்ந்த ஐதரலி, பிரெஞ்சுக்காரர் துணையுடன் அங்குப் படைக்கலச்சாலை அமைத்தார். மைசூர்ப் படையிலும் ஐரோப்பியர் பணியாற்றினர். 1790இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி அவர்கள் வசமாயிற்று. எனவே ஒரே வகைக் குதிமுள் இரு தரப்பிலும் இருந்திருக்கக்கூடும். அணிந்தவர் யார் என்பதை மண்ணடுக்கும் உடன்கிடைத்த நாணயம், பொத்தான், குண்டு முதலியவையுமே உணர்த்தும்.

நிறைவுரை

வடிவம், உலோகம், முத்திரை, கிடைத்த சூழல் என்னும் நான்கையும் இவ்வரிசையில் ஆராய்தல் தகும். முதல் மூன்றும் செய்த இடத்தையும் காலத்தையும் காட்டும். நான்காவதே பயன்படுத்தியவரை நோக்கி இட்டுச்செல்லும். சூழல் பதியப்படாமல் பெயர்த்தெடுக்கப்படும் குதிமுள், தான் செய்யப்பட்ட ஊரைக் கூறினும் கீரனூரின் வரலாற்றைக் கூறாது.