முகம் சுளிக்க வைக்கும் உணவும் உடனுண்ணும் தோழமையும்: டுரியானை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

சில உணவுகளைப் பற்றி யாருக்கும் மிதமான கருத்து இருப்பதில்லை. பினாங்கில் டுரியான் பருவம் தொடங்கிவிட்டால் குடும்பம் குடும்பமாக இரவில் பழக்கடைகளைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். அதே ஊரின் தங்கும் விடுதிகளில் டுரியான் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை தொங்குகிறது. சிங்கப்பூரின் எம்.ஆர்.டி. ரயில்களிலும் அதற்கு இடமில்லை. ஜப்பானியரின் நாட்டோ, சுவீடன்காரர்களின் புளிக்கவைத்த ஹெர்ரிங் மீன், நம் கருவாடு ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஒரு சாராருக்கு உயிர். மறு சாராருக்குக் குமட்டல்.

இத்தகைய உணவை வெறுத்த ஒருவர் அதை விரும்பத் தொடங்குவது எப்படி, அதில் கூட இருந்து சாப்பிடும் நண்பருக்கு என்ன பங்கு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முதல் வாய்க்குத் துணிச்சல் போதும். இரண்டாவது வாய்க்குக் கை நீள வேண்டுமானால் நல்ல துணை வேண்டும். விருப்பம் பிறப்பது அந்த இரண்டாவது வாயில்தான் என்பது என் துணிபு. டுரியானை முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன். பிற உணவுகள் ஒப்பீட்டுக்காக மட்டும் வருகின்றன.

2. வெறுப்பின் மூலங்கள்

2.1 மூக்கின் எச்சரிக்கை

வெறுக்கப்படும் உணவுகளில் பெரும்பாலானவை நாக்குக்கு வரும் முன்பே, மூக்கிலேயே தோற்றுவிடுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. அழுகல், கழிவு, கசிவு ஆகிய ஆபத்துகளைக் கந்தகச் சேர்மங்களின் வாடையைக் கொண்டும் உடல் அறிகிறது. காற்றில் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு அவற்றைப் பிடித்துவிடும். வீட்டுச் சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக அதில் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் இந்த இனத்தைச் சேர்ந்தது. எத்தேன்தையால் என்றும் அழைக்கப்படும் அதே பொருள் டுரியான் மணத்திலும் உண்டு. 2018 ஏப்ரலில் மெல்போர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக நூலகத்தில் எரிவாயு கசிகிறது என்று அஞ்சி ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். தேடிப் பார்த்தபோது அலமாரி ஒன்றில் அழுகிக் கிடந்த டுரியான் அகப்பட்டது. அங்கிருந்தோரின் மூக்கு பிழை செய்யவில்லை. எதற்காகப் பழகியிருந்ததோ அதைத்தான் செய்தது. ஆகவே டுரியானைக் கண்டு ஒதுங்குபவரைக் கோழை என்பது நியாயமில்லை.

2.2 மணத்துக்கு இரண்டு வழிகள்

மணம் மூக்கின் முன்வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் ஆவி தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கை அடைகிறது. இவ்விரு வழிகளிலும் வரும் மணத்தை மனம் ஒன்றுபோல் கொள்வதில்லை என்பதை உளவியலாளர் பால் ரோசின் 1982இல் எடுத்துக்காட்டினார். வெளியே நின்று முகர்ந்தால் அருவருப்பூட்டும் பாலாடைக்கட்டி வாய்க்குள் போனதும் சுவையாகிவிடுவது இதனால்தான். இந்த வேறுபாடு நம் ஆய்வுக்கு உயிர்நாடி. முகர்ந்து பார்த்துவிட்டு விலகுபவர் அந்த உணவின் பாதியைக்கூடச் சந்தித்திருக்க மாட்டார்.

2.3 சொல்லப்பட்டது

ரேச்சல் ஹெர்ஸ், ஜூலியா வான் கிளெஃப் ஆகியோர் 2001இல் வெளியிட்ட சோதனையில் ஒரே அமிலக் கலவை இருவேறு பெயர்களில் முகரக் கொடுக்கப்பட்டது. பார்மசான் பாலாடைக்கட்டி என்று சொல்லப்பட்டபோது அது இனித்தது. வாந்தி என்று சொல்லப்பட்டபோது கசந்தது. மூலக்கூறில் எந்த மாற்றமும் இல்லை. உணவு மேசையில் முதலில் வாய் திறப்பவர் எதைச் சொல்கிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து விளங்கும்.

2.4 வளர்ப்பு

இது நாம் நன்கறிந்தது. சுருக்கமாகச் சொன்னால் போதும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காரட் சாறு அருந்திய தாய்மாரின் குழந்தைகள் பின்னர் காரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றன என்று ஜூலி மெனெல்லா குழுவினர் 2001இல் கண்டறிந்தனர். தமிழ் வீட்டில் பிறந்தவருக்குப் பெருங்காயம் தாளிக்கும் வாடை பசியைக் கிளப்புகிறது. அதுவும் கந்தகச் சேர்மங்களின் கைவண்ணமே. டுரியானைப் பார்த்து மூக்கைப் பொத்தும் நாம் சாம்பாரிலும் ரசத்திலும் அதன் உறவுக்காரரை அன்றாடம் உண்டு வருகிறோம்.

3. டுரியான்: பொருளும் களமும்

டுரியானின் மணத்தை ஒற்றை நாற்றமாகக் கருதுவது அறியாமை. ஜெர்மானிய உணவு வேதியியலாளர்கள் அதில் ஏராளமான மணப்பொருள்களைப் பிரித்தறிந்தனர். அவற்றுள் பழ மணம் தரும் எஸ்டர் ஒன்றும் வதக்கிய வெங்காய மணம் தரும் கந்தகச் சேர்மம் ஒன்றும் சேர்ந்தாலே டுரியான் என்று மூக்கு நம்பிவிடும் என 2017இல் காட்டினர். அதே ஆண்டில் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முசாங் கிங் வகையின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து வெளியிட்டனர். கந்தக ஆவிகளை உண்டாக்கும் நொதிக்கான மரபணு இம்மரத்தில் பல படிகளாகப் பெருகியிருக்கிறது. பழம் கனியும்போது அது வேகமாக இயங்குகிறது. ஆக, இனிப்பும் வெங்காயமும் ஒரே நேரத்தில் வந்து மோதுவதுதான் இப்பழத்தின் இயல்பு. இரண்டில் எதை முதலில் கவனிக்கிறோமோ அதன்படி நம் தீர்ப்பு அமைகிறது.

எழுதப்பட்ட சான்றுகளில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலேஸின் அனுபவம் தலையாயது. மலாக்காவில் முதன்முதலில் டுரியானை எதிர்கொண்டபோது வீட்டுக்குள் தேங்கிய அதன் வாடையை அவரால் தாங்க முடியவில்லை. பின்னர் போர்னியோவில் மரத்தடியில் விழுந்து கிடந்த பழமொன்றைத் திறந்த வெளியிலேயே தின்று பார்த்தார். அன்றே அதன் அடிமையானார். 1869இல் வெளிவந்த அவருடைய 'மலாய்த் தீவுக்கூட்டம்' நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். என் துணிபுக்கு இது ஓரளவு எதிர்ச் சான்று என்பதை மறைக்க விரும்பவில்லை. அவருக்கு நண்பர் யாரும் ஊட்டவில்லை. ஆனால் ஒரு நண்பர் செய்திருக்கக்கூடிய இரண்டு வேலைகளைக் காடு செய்துகொடுத்தது. ஒன்று, காற்றோட்டமான இடம். மற்றொன்று, தானே கனிந்து அப்போதுதான் விழுந்த பழம்.

இந்த இரண்டாவது காரணம் பெரிது. தாய்லாந்தில் பெரும்பாலும் முற்றிய காயைக் காம்போடு வெட்டி இறக்குகிறார்கள். தூரம் அனுப்பத் தோதாக இருக்கும், மணமும் அடங்கியிருக்கும். மலேசியாவில் பழம் தானாக விழும்வரை காத்திருப்பது மரபு. பினாங்குத் தீவின் பின்புறமுள்ள பாலிக் புலாவ் சரிவுகளில் மரத்தடியில் வலை கட்டியிருப்பதைக் காணலாம். விழுந்த பழத்தின் சுவை மணிக்கணக்கில் மாறிக்கொண்டே போகும். நகரத்துக் கடையில் நேற்றைய பழத்தைத் தின்றுவிட்டு டுரியானே ஆகாது என்று முடிவு கட்டியவர்கள் எத்தனை பேரோ!

வகைகளும் பல. ராஜா குனிட் என்ற பழம்பெயர் கொண்ட முசாங் கிங் மஞ்சள் சதையும் கசப்புக் கலந்த இனிப்பும் உடையது. டி197 என்ற எண்ணில் 1993இல் பதிவானது. பினாங்கின் சொந்தப் பெருமையான ஆங் ஹே சிவந்த சாயலும் இனிப்பும் கொண்டது. கடைக்காரரிடம் இனிப்பா கசப்பா என்று சொல்லிக் கேட்பது அங்கே வழக்கம். புதியவருக்கு இந்தத் தெரிவு இருப்பதே தெரியாது.

4. உடனுண்பவரின் பணி

பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழ்த் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. புதிய உணவு என்றால் கண் விரியும் இயல்பு அவளுக்கு. பாலிக் புலாவில் அவளோடு அமர்ந்து உண்டதைக் களக்குறிப்பாக இங்கே தருகிறேன்.

அவள் எடுத்த எடுப்பில் முசாங் கிங்கைக் கேட்கவில்லை. வாடை குறைந்த, இனிப்பான பழமொன்றைப் பிளக்கச் சொன்னாள். நான் சுளையை மூக்கருகே கொண்டுபோனபோது கையைத் தட்டினாள். "மோந்து பாக்காதே, நேரா வாயில வை. சின்னதா எடு. புடிக்கலன்னா வச்சிடு, நான் சாப்பிட்டுக்கறேன்." பிறகு என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டுத் தன் சுளையில் மூழ்கிவிட்டாள். எப்படியிருக்கிறது என்று கேட்கவே இல்லை. முதல் வாயில் எனக்குக் கிடைத்தது வெங்காயம் மட்டும். அவள் விரலில் ஒட்டியதை நிதானமாக வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். என் கை தானாக மறுபடி நீண்டது. அப்போதுதான் வெண்ணெயும் பாதாமும் கலந்தாற்போன்ற அந்த அடிச்சுவை தெரிந்தது. கசப்பு வகை கடைசியாக வந்தது. அதற்கும் பிறகு மங்குஸ்தான். டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி என்பது அந்த ஊர்க்காரர்களின் கணக்கு.

அவள் செய்த ஒவ்வொன்றுக்கும் மேற்சொன்ன ஆய்வுகளில் காரணம் இருக்கிறது. வாயில் நேரே வைக்கச் சொன்னதால் மணம் பின்வழியாக வந்து சேர்ந்தது. பிடிக்காவிட்டால் வைத்துவிடலாம் என்றதால் அச்சம் தளர்ந்தது. ஆனால் அவள் கேள்வி கேட்காமல் இருந்ததையே தலைசிறந்த செயலாகக் கருதுகிறேன். 2014இல் எரிக்கா பூத்பியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு ஒளி தருகிறது. ஒரே சாக்லேட்டை இன்னொருவரும் அதே நேரத்தில் சுவைக்கிறார் என்ற நிலையில், பேச்சே இல்லாமல், நல்ல சாக்லேட் மேலும் இனித்தது. கசப்புச் சாக்லேட் மேலும் வெறுப்பூட்டியது. அதாவது துணை இருப்பது சுவையைத் தானாகக் கூட்டிவிடாது. எது இருக்கிறதோ அதைப் பெருக்கும். வெறுப்பையும் பெருக்கும். எனவே எந்தப் பழம், எந்த நேரத்தில், எந்த வரிசையில் என்று தேர்ந்தெடுக்கத் தெரியாத நண்பர், எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், கெடுதலையே பெருக்கிவிடுவார்.

முகமும் ஒரு கருவி. அருவருப்படையும் பிறர் முகத்தைப் பார்க்கும்போது, நாமே அருவருப்படையும்போது இயங்கும் மூளைப்பகுதி இயங்குகிறது என்று 2003இல் புரூனோ விக்கர் குழுவினர் காட்டினர். இதன் மறுபக்கத்தை லீன் பிர்ச் 1980இலேயே மழலையர் பள்ளியில் கண்டிருந்தார். தனக்குப் பிடிக்காத காய்கறியை ஆசையாகத் தின்னும் பிள்ளைகளோடு சில நாட்கள் உட்கார வைக்கப்பட்ட குழந்தை அதையே தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. யாரும் வற்புறுத்தவில்லை, பரிசு தரவில்லை. பசியோடு தின்னும் ஒரு முகம் பக்கத்தில் இருந்தது, அவ்வளவே.

5. பந்தயமும் பகிர்வும்

துணிச்சலான நண்பர் என்றதும் பலர் பந்தயம் கட்டுபவரை நினைக்கிறார்கள். இதை வலுவாக மறுக்க விரும்புகிறேன். சுவீடனின் புளிக்கவைத்த ஹெர்ரிங் மீனே போதிய சான்று. உலகெங்கும் இளைஞர்கள் அந்த உப்பிய டப்பாவை அறைக்குள் திறந்து, மீனை அப்படியே வாயில் போட்டு, ஓங்கரித்து, அதைப் படம்பிடித்துக் காட்டுகிறார்கள். வட சுவீடனின் கடற்கரையில் யாரும் அப்படி உண்பதில்லை. ஆகஸ்டு கடைசியில் கூடி, டப்பாவை வெளியில் திறந்து, மீனைச் சுத்தம் செய்து, மெல்லிய ரொட்டியில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து அதன் மேல் சிறிதளவே மீனை வைக்கிறார்கள். நம் ஊரில் வெறும் கருவாட்டை ஒருவர் வாயில் திணித்து, தமிழ் உணவு இதுதான் என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? பழைய சோறு எங்கே, சின்ன வெங்காயம் எங்கே?

பந்தயத்தில் உணவு எதிரி. விழுங்கியதும் வெற்றி, ஆட்டம் முடிந்துவிடுகிறது. இரண்டாவது வாய் அங்கே தேவையே இல்லை. பார்ப்பவர்கள் காத்திருப்பதும் சுளித்த முகத்துக்காக. பூத்பியின் முடிவோடு சேர்த்துப் பார்த்தால், வெறுப்பு மிகத் திறமையாக விளைவிக்கப்படும் களம் இதுதான்.

6. எல்லைகள்

எல்லா வெறுப்பும் கரைவதற்கில்லை. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்புப் போலப் படுகிறது. மணமறியும் ஏற்பிகளுக்கான ஓ.ஆர்.6.ஏ.2 என்ற மரபணுவின் அருகே உள்ள வேறுபாடு ஒன்று இதனோடு ஓரளவு தொடர்புடையது என 2012இல் தெரியவந்தது. என் பினாங்குத் தோழிக்குக் கொத்தமல்லி ஆகவே ஆகாது. டுரியானையும் பெலாச்சான் என்ற இறால் விழுதையும் கொண்டாடுபவள் ரசத்தில் மிதக்கும் தழையைக் கண்டால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். அவளை மாற்ற முயல்வது வீண். ஒரு முறை தின்று வாந்தியெடுத்த உணவின்மேல் வரும் வெறுப்பும் எளிதில் போகாது. சமயத்தாலும் கொள்கையாலும் ஒன்றை விலக்குபவரிடம் நண்பருக்குச் செய்ய வேலையே இல்லை. அங்கே வற்புறுத்துவது அத்துமீறல்.

இவற்றோடு சேர்த்து எண்ணக்கூடாத வெறுப்பு ஒன்று உண்டு. கருவாடு வறுப்பீர்களா, மாட்டிறைச்சி சமைப்பீர்களா என்று கேட்டு வாடகைக்கு வீடு மறுப்பவர்கள் நம் நகரங்களில் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது வாடையைப் பற்றி, ஒதுக்குவது மனிதர்களை. கொத்தமல்லியை ஒதுக்கும் என் தோழி அதைத் தின்னும் என்னோடு ஒரே மேசையில்தான் உட்கார்கிறாள். சாதி பார்த்து மூக்கைப் பொத்துபவர் அந்த மேசைக்கே வருவதில்லை. உடனுண்பவரின் பணி பற்றி இதுவரை சொன்ன எதுவும் அங்கே தொடங்கக்கூட முடியாது. சுவையை ஆராய்பவர்கள் இதைத் தம் துறைக்கு வெளியே தள்ளிவிடுவதை நான் ஏற்கவில்லை.