வேர்ச்சொல் அகராதிகள்: மாமல்லபுரம் என்னும் பெயர்வழி

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை ஊரான மாமல்லபுரம், முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் 'மாமல்லன்' என்னும் விருதுப்பெயரால் அமைந்ததெனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 'மகா', 'மல்ல' என இரு உறுப்புகள் கொண்ட அப்பெயரின் வேரை ஒரே அகராதியில் தேடி முடிக்க இயலாது. 'மகா'வைக் கிரேக்க 'மெகாஸ்', இலத்தீன் 'மாக்னுஸ்' ஆகியவற்றோடு இணைக்கும் இந்தோ-ஐரோப்பிய மூலவேர், அதாவது ஒப்பீட்டால் மீட்டமைக்கப்பட்ட சொல்வடிவம், யூலியுஸ் போகோர்னி 1959இல் வெளியிட்ட ஜெர்மன் அகராதியில் உண்டு. ஆனால் மூலமொழியில் இருந்து மறைந்தனவாகக் கருதப்படும் குரல்வளை ஒலிகளை அந்நூல் பெரும்பாலும் கணக்கில் கொள்ளாததால், மான்ஃபிரெட் மாய்ர்ஹோஃபர் 1986 முதல் 2001 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பழைய இந்தோ-ஆரியச் சொற்பிறப்பு அகராதியோடு ஒப்பிட்டே அதைப் பயன்படுத்த வேண்டும். வலிமை, மற்போர் ஆகிய பொருள்களில் தமிழிலும் 'மல்' வழங்குவதால், 'மல்ல' என்னும் உறுப்புக்குப் பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியின் (1961) 1984ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பே முதலில் நாடத்தக்கது.